தொண்ணூற்றாறாம் பக்கம்

என் கதாநாயகி கோடம்பாக்கம் ரயில் நிலையத்தில்
முப்பத்தேழு வருடமாக நின்றுகொண்டிருக்கிறாள்.
தவறு என்னுடையதல்ல.
கடைசி நேரத்தில்
ஒரு சீயக்காய்த்தூள் விளம்பரம் வந்துவிட்டது.

அதற்கு முன்னால், படித்த கதை.
ரங்கராஜபுரத்தில் தேவசகாயத்தின் வாடகை நூல்நிலையம்,
மாவு மில்லுக்குப் பக்கத்துக் கடை.
நாளுக்கு இருபத்தைந்து பைசா.
எந்த நாவலைத் திறந்தாலும்
முதல் முத்தம் வருவதற்குள்
மடியில் கொஞ்சம் கோதுமை மாவு உதிரும்.
ஓரங்களில் பென்சில்:
"இவனை நம்பாதே."
"அம்மா வர்றாங்க."
"பக்கம் 41 பார்க்கவும்."
நாற்பத்தொன்று மட்டும் இருக்காது.
யாரோ கிழித்துக்கொண்டு போயிருப்பார்கள்.
இல்லாத நாற்பத்தொன்றுகளை
நானே மனசுக்குள் எழுதிக்கொள்ளப் பழகினேன்.

வேலை, டிரங்க் கால் பிரிவில். இரவு ஷிப்ட்.
காதில் ஹெட்போன், மேசைக்கடியில் நாவல்.
"மூன்று நிமிடம் முடிந்தது, நீட்டிக்கவா?"
ஒரு முனை வேண்டாம் என்கும்.
மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும்.
ஒட்டுக் கேட்கக் கூடாதுதான்.
கேட்டேன்.
வசனத்துக்கு எனக்கு வேறு பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை.

எண்பத்தெட்டு, ஐப்பசி அடைமழை.
ஃபுல்ஸ்கேப் நூற்றுப் பன்னிரண்டு தாள்,
பால் கவர்களைத் தைத்த பையில்.
திருவல்லிக்கேணிச் சந்தில் மாடிப்படி ஏறினேன்.
பதிப்பாளர் நின்றுகொண்டே படித்தார்.
"ரெண்டு முத்தம் குறைங்க. மழையைக் கூட்டுங்க.
மழையைத் திட்டி யாரும் கடுதாசி போட மாட்டாங்க."
கூட்டினேன்.

புத்தகம் வந்தபோது
தங்கபுஷ்பம் என்ற நான்
அட்டையில் தங்கபுஷ்பன் ஆகியிருந்தேன்.
செய்யாறிலிருந்து முதல் கடிதம்:
"ஐயா, ஒரு பெண்ணின் மனசு
ஆணாகிய தங்களுக்கு எப்படி இவ்வளவு தெரிகிறது?"
மூன்று நாள் அதை ரவிக்கைக்குள் வைத்திருந்தேன்.
பதில் போடவில்லை.
எந்தப் பெயரில் போடுவது?

மாம்பலம் ஸ்டேஷன் கடையில்
கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கியது,
ஜோசியப் புத்தகத்துக்கும் சமையல் குறிப்புக்கும் இடையில்.
அட்டைப் பெண் யாரோ. என் நாயகி கண்ணாடி போட்டவள்.
மூன்று ரூபாயை நீட்டி
"அது என்னுடையது" என்றேன்.
"காசு குடுத்தா உங்களுதுதான்மா" என்றான்.

பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம்.
தொண்ணூற்றாறாம் பக்கம்:
*வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு
வண்டி வரும் திசையைப் பார்த்தாள்.*
அவ்வளவுதான்.
அதற்குக் கீழே ஒருத்தி
முழங்கால் வரை கூந்தலை விரித்துப்போட்டுச் சிரித்தாள்.
என்னுடைய பதினொரு வரிகளைக் காணோம்.
அந்த வரிகளில் அவன் ஓடி வருவான்,
பதிப்பாளர் கேட்ட மழையில் தொப்பலாக.

இரண்டு வருடம் கழித்து, தேவசகாயத்தின் அலமாரியில்
என் புத்தகம். முதுகில் மாட்டுத்தாள் ஒட்டு.
நான் எழுதியது என்று அவருக்குத் தெரியாது,
அட்டையில் ஆண் பெயர்.
கடைசிப் பக்கம் திருப்பினேன்.
கூந்தலைச் சுற்றி, நீல மையில்:
"அவன் வரலை. இவ அடுத்த வண்டி ஏறிட்டா."
அதை அடித்து, பென்சிலில்:
"வந்தான். லேட்."
அதற்கும் கீழே, நடுங்கும் பச்சை மையில்:
"வந்தா என்ன, வராட்டி என்ன,
சாவி அவகிட்டதானே இருக்கு."

இருபத்தைந்து பைசாவுக்கு எடுத்துப்போய்
அன்றைய ஷிப்ட் முழுக்க அதையே பார்த்தேன்.
நான்கு கால் தவறான ஊருக்குப் போனது.
கார்பன் பிரதியில் என் முடிவு பத்திரமாக இருந்தது;
பேனாவும் இருந்தது.

அப்புறம் முப்பத்துநான்கு நாவல்,
எல்லாவற்றிலும் முடிவு ஒழுங்காக அச்சானது.
ஒன்றிலும் யாரும் ஒரு வரி எழுதவில்லை.

மறுநாள் காலை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
சீயக்காய்க்காரியின் கூந்தலுக்குக் கீழே
இன்னும் இரண்டு வரிக்கு
இடம் இருந்தது.